முப்பத்தோராம் விதிக்கு விடியவில்லை

1

காய்ந்த பனையோலையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக் கிரவல் ஒழுங்கையால் இழுத்துக்கொண்டு போனால் ஒரு சத்தம் வரும். சர்ர்ர்ரென்று நீளும். கல்லில் தட்டி ஒரு கணம் தவறும். மறுபடியும் சர்ர்ர்ர். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் வேலி அடைக்கிற காலம் முழுவதும் காதுக்குள் இந்தச் சத்தம்தான் குடியிருக்கும்.

இன்று பின்னேரம் அதே சத்தம் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் பக்கத்து அறையிலிருந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். ஒழுங்கை வந்தது. பூவரசு வந்தது. சைக்கிள்காரனின் வியர்த்த முதுகு வந்தது. அவன் திரும்பிப் பார்ப்பான், முகம் தெரியும் என்று காத்திருந்த நேரத்தில் என் மகள் ஆரணியின் குரல் வந்தது.

"அப்பா, பேப்பர் இறுகிட்டுது."

நான் வேலைபார்த்த கந்தோரில் கழித்துவிட்ட அச்சுப்பொறி அது. ஊசி ஊசியாகக் குத்தி எழுதும் பழைய வகை. எறியப் போனார்கள், நான் தூக்கிக்கொண்டு வந்தேன். யாழ்ப்பாணத்தான் ஒருவனின் கண்முன்னால் எதையும் எறிய முடியாது என்பதை இந்த நாட்டுக்காரர் இன்னும் முழுதாக அறியவில்லை.

இன்று பெப்ரவரி பதினைந்து. என் மனைவி தவமலரின் தம்பி பாலனுக்கு இன்று பிறந்தநாள். நாளை பதினாறு. நாளையும் அவனுக்குப் பிறந்தநாள். இரண்டு பிறந்தநாள் கொண்டாடுவது முடிசூடிய தலைகளுக்கு மட்டும் உரிய சலுகை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாலனுக்குத் தலை இருந்தது, முடிகூட ஓரளவு இருந்தது, சலுகைதான் இருக்கவில்லை. பிறந்த திகதி இரண்டு வைத்திருந்த குற்றத்துக்காகச் சென்ற வருடம் அவனை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பச் சொன்ன விதியைக் கணினிக்குள் எழுதியவன் நான்.

எழுதியவன் என்றால் நானாக யோசித்து எழுதியதல்ல. சொன்னதைச் சொன்னபடி செய்தேன். இந்த நாட்டில் மிகவும் மதிக்கப்படுகிற தகுதி அது.

எந்த நாடு, எந்தக் கந்தோர் என்று கேளாதீர்கள். இரகசியம் காப்பேன் என்று ஒன்பது பக்கங்களில் கையெழுத்து வைத்திருக்கிறேன். குளிரான நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2

நான் எண்பத்துநாலில் வந்தேன். ஊரில் கணித ஆசிரியன். வந்த முதல் இரண்டு வருடம் என்ன செய்தேன் என்று எழுதமாட்டேன். எல்லாரும் செய்ததைத்தான் செய்தேன், அதை எல்லாரும் எழுதியுமாயிற்று. இந்த நாட்டுப் பாஷையில் விண்ணப்பம் என்ற சொல்லும் குற்ற ஒப்புதல் என்ற சொல்லும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆறு மாதமாகக் கந்தோர் கந்தோராகப் போய், "என் குற்ற ஒப்புதலைக் கொடுக்க வந்திருக்கிறேன்" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் திருத்தவில்லை. அவர்களுக்கு அது இயல்பாகவே பட்டிருக்கவேண்டும்.

பிறகு கணினி படித்தேன். வேலை கிடைத்தது. அறிவுத்தள முறைமை என்று அதற்குப் பெயர். ஒரு துறையில் பழுத்த ஒருவரைப் பிடித்து, அவருடைய மண்டைக்குள் கிடப்பதை 'இப்படியானால் இப்படிச் செய்' என்று விதி விதியாகப் பிடுங்கிக் கணினிக்குள் நட்டுவிடவேண்டும். அதன் பிறகு அவர் பென்சனுக்குப் போகலாம்.

எங்களிடம் அகப்பட்டவர் அகதி விண்ணப்பங்களை முப்பது வருடமாகப் படித்துப் பழுத்த அதிகாரி. நிபுணர் என்றே அவரை அழைப்போம். நல்ல மனிதர். யன்னலில் கள்ளிச்செடி வளர்த்தார், அதற்குக் கிழமைக்கு ஒருதரம் அளந்து தண்ணீர் விடுவார். அவர் சொல்வதை இரண்டு பேர் எழுதி எடுப்பார்கள். அது தடித்த ஒரு புத்தகமாக வரும். விவரக்கூற்று என்பது அதன் பெயர். முறைமை என்னென்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தச் சொற்களை ஓடுகிற யந்திரமாக்குவது என் வேலை.

சொல்லை யந்திரமாக்குவது சுலபமல்ல. விவரக்கூற்றின் முப்பத்தோராம் விதி இப்படி இருந்தது: 'யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வரும் விண்ணப்பதாரியின் பிறந்த திகதி இரு ஆவணங்களிடையே சரியாக ஒரு நாளால் வேறுபடின், அவ்வாவணங்கள் தரகரால் தயாரிக்கப்பட்டவை எனக் கருதி, நம்பகத்தன்மையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்குக.'

நான் நிபுணரிடம் போனேன்.

"குறிப்பிடத்தக்க அளவு என்றால் எவ்வளவு?"

"நிறைய."

"நிறைய என்றால்?"

"கோப்பைப் பார்த்தால் தெரியுமே."

"கணினிக்குப் பார்க்கத் தெரியாது. அதற்கு ஓர் எண் வேண்டும்."

அவர் கள்ளிச்செடியைப் பார்த்தார். "நீங்களே ஒன்றைப் போடுங்கள். சரிவராவிட்டால் மாற்றலாம்."

விண்ணப்பதாரி ஒவ்வொருவரும் எங்கள் முறைமைக்குள் ஒன்று என்ற முழு நம்பகத்தோடு நுழைவார். பிழைக்குப் பிழை கழியும். அரைக்குக் கீழே போனால் 'நம்பத்தகுந்தவரல்லர்' என்று அச்சாகும். நான் முப்பத்தோராம் விதிக்குப் பூச்சியம் தசம் நான்கு போட்டேன். ஏன் நான்கு, ஏன் மூன்றில்லை என்று கேட்டால், அன்று வியாழக்கிழமை. வியாழனில் உணவுக்கூடத்தில் பொரித்த மீன். பன்னிரண்டேகாலுக்குப் பிறகு போனால் உருளைக்கிழங்கு மட்டும்தான் மிஞ்சும்.

விதியின் கெட்டித்தனத்தை நான் வியந்ததும் உண்மை. மீன் சாப்பிட்டபடி நிபுணர் விளக்கினார். "பொய் சொல்பவன் வயதைக் குறைக்க வருடத்தை மாற்றுவான். ஒரே ஒரு நாளை மாற்றி யாருக்கு என்ன இலாபம்? ஆனால் உங்கள் பகுதிக் கோப்புகளில் திரும்பத் திரும்ப இதே ஒரு நாள். ஒரே தரகன், ஒரே கவலையீனம். எனக்கு இதைக் கண்டுபிடிக்கப் பல வருடம் பிடித்தது."

"அபாரம்" என்றேன். அந்தப் பகுதிக்காரனான நானேதான் சொன்னேன். முள் எடுத்துக்கொண்டே சொன்னேன்.

3

சொல்லை யந்திரமாக்கும் இதே வேலையைப் பாலனும் செய்துகொண்டிருந்தான். வட்டுக்கோட்டையில், மின்சாரம் இல்லாமல், சம்பளம் இல்லாமல்.

தொண்ணூற்றொன்றில் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை, பற்றரியும் வரவிடுகிறார்களில்லை. செய்தி கேட்க வழியில்லை என்று பாலன் எழுதியிருந்தான். சைக்கிள் டைனமோவில் ரேடியோவை ஓடவைப்பது எப்படி என்று நான் நான்கு பக்கத்தில் ஒரு விவரக்கூற்று எழுதி அனுப்பினேன். படி ஒன்று, படி இரண்டு என்று படங்களோடு. நாலாவது படி: 'ஒருவர் சைக்கிளைச் சீரான வேகத்தில் மிதிக்கவேண்டும்.'

மூன்று மாதத்தால் பதில் வந்தது.

"அத்தான், மற்றதெல்லாம் சரி. உந்த நாலாவது படிதான் கரைச்சல். முதல் நாள் நான் மிதிச்சனான். செய்தியிலை எங்கடை பக்கத்துப் பேர் வந்த உடனை என்ரை கால் நிண்டுபோச்சு. கால் நிண்டால் ரேடியோவும் நிண்டிடும்தானே. குண்டு விழுந்ததெண்டது கேட்டுது, எங்கை எண்டது கேக்கேல்லை. அடுத்த நாள் பெரியண்ணை மிதிச்சவர். அவர் கோவத்திலை மிதிச்ச மிதியிலை உள்ளுக்கை என்னவோ புகைஞ்சுபோச்சு. இப்ப கந்தையா அம்மானை ஏத்தி இருத்தியிருக்கிறம். அவருக்குத்தான் காது கேளாதே. உலகம் அழிஞ்சதெண்டு செய்தி வந்தாலும் மனிசன் ஒரே வேகம். ஒழுங்கையே எங்கடை முத்தத்திலைதான் நிக்குது. நீங்கள் எழுதினதை அப்பிடியே செய்யேல்லை எண்டு கோவிக்காதேங்கோ. நீங்கள் நினைச்சதைத்தான் செய்தனான்."

நான் இதைக் கந்தோரில் மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் அணித்தலைவி மட்டும் சிரிக்காமல் குறிப்பெடுத்தாள். எட்டிப் பார்த்தேன். 'செவிப்புலன் குறைந்த பயனர்களையும் கவனத்தில் கொள்க' என்றிருந்தது.

பாலனின் கடிதத்திலிருந்த அந்தக் கடைசி வசனத்தை நான் அன்று சரியாக வாசிக்கவில்லை. எழுதினதைச் செய்கிறவன் ஒருவன், நினைத்ததைச் செய்கிறவன் ஒருவன். முதலாமவனுக்குத்தான் இந்த நாட்டில் வேலை கிடைத்திருந்தது.

4

தொண்ணூற்றிரண்டு மாரி தொடங்குகிற நேரத்தில் பாலன் எங்கள் வாசலில் வந்து நின்றான். பயணக் கதையை விடுங்கள். அவன் மெலிந்திருந்தான், அரைக்கைச் சேட்டோடு இருந்தான், பொலித்தீனில் சுற்றிய தன் சாதகத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். வீட்டின் தெற்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தபோது அலுமாரியோடு மற்றக் கடதாசிகள் போய்விட்டன. சாதகம் சாமியறையில் இருந்ததால் தப்பியது.

முதல் விசாரணையில் பிறந்த திகதி கேட்டார்கள். பெப்ரவரி பதினைந்து என்றான். அவனுடைய அம்மா வாழ்நாள் முழுக்க அவனைச் செவ்வாய்க்கிழமைப் பிள்ளை என்றுதான் சொல்லிவந்தா. சாதகத்தையும் எடுத்துக் கொடுத்தான், அதிலும் செவ்வாய், பதினைந்துதான்.

இனி நான் செய்த கெட்டித்தனத்தைக் கேளுங்கள். ஆவணம் கூடக் கூட நல்லது என்று நினைத்து, ஊரில் ஆளைப் பிடித்து, அவனுடைய பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு பிரதி எடுப்பித்தேன். நாலு கை மாறி அது வந்து சேர்ந்தது. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் பிறந்ததாகப் பதிவு. பாலன் அதை விரித்துப் பார்த்தான்.

"அத்தான், இதிலை பதினாறு எண்டெல்லே கிடக்கு?"

"ஒரு நாள்தானே? அதொண்டும் செய்யாது. கொண்டுபோய்க் குடு."

நான்தான் சொன்னேன். பல நூறு விதி எழுதிய என் வாயாலேயே சொன்னேன். கந்தோரில் ஒரு மூளையும் வீட்டில் ஒரு மூளையுமாகத்தான் நாங்கள் இங்கே சீவிக்கிறோம். சப்பாத்தைக் கழற்றும்போது ஒன்று வாசலில் நின்றுவிடும். முப்பத்தோராம் விதி அந்த வாசல் மூளைக்குள் குளிரில் விறைத்துக் கிடந்தது.

முறைமை அப்போது பரீட்சார்த்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அது தீர்ப்புச் சொல்லாது, ஆலோசனை மட்டுமே சொல்லும் என்று விவரக்கூற்றின் முதற்பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம். அதிகாரிகள் அந்த ஆலோசனையை எடுத்துக் கோப்பின் மேல் குத்தி, கீழே கையெழுத்து வைத்தார்கள். யோசிக்கும் வேலை மிச்சம்.

வசந்தத்தில் பாலனுக்குக் கடிதம் வந்தது. 'ஆவணங்களிடையே உள்முரண். நம்பத்தகுந்தவரல்லர். மேன்முறையீட்டுக்கு ஆறு கிழமை.'

அடுத்த நாள் கந்தோரில் அவனுடைய கோப்பு இலக்கத்தை அடித்தேன். பூச்சியம் தசம் நான்கு எட்டு. கொழும்பில் எத்தனை நாள் நின்றான் என்பதை மாற்றிச் சொன்னதற்குத் தசம் ஒன்று இரண்டு கழிந்திருந்தது. மற்றதெல்லாம் அந்த ஒரு நாள். நான் அன்று மீனை மறந்து மூன்று போட்டிருந்தால் பாலன் தப்பியிருப்பான்.

எங்கள் முறைமையின் பெருமையே அதனிடம் காரணம் கேட்கலாம் என்பதுதான். கேட்டேன்.

ஏன்?

விதி 31, என்றது திரை.

விதி 31 ஏன்?

நிபுணர், என்றது.

நிபுணருக்கு எப்படித் தெரியும்?

கேள்வி விளங்கவில்லை, என்றது. அந்தப் பதிலையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன்.

5

அச்சுத்தாளை மடித்து உள்சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்பது பக்கக் கையெழுத்தை மீறி இந்த நாட்டில் நான் செய்த ஒரே சட்டவிரோதம் அது. குசினி மேசையில் விரித்தேன். தவம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பாலன் எதிரே இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தான். விதியை மொழிபெயர்த்து வாசித்தேன்.

தவம் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஒரு நாள் வித்தியாசமோ? உவன் விடியப்புறம் நாலு மணிக்குப் பிறந்தவன். அம்மாவுக்கு அது செவ்வாய்க்கிழமை இரவு. ஆசுப்பத்திரிக்காரனுக்குப் புதன்கிழமை. சூரியன் வெளிக்கிடாமல் எங்களுக்கு எப்ப மற்ற நாள் பிறந்தது? ஊரிலை இரவிலை பிறந்த எல்லாருக்கும் இப்பிடித்தானே இருக்கும்!"

நான் அச்சுத்தாளை மறுபடி மடித்தேன்.

"உங்கடை மெசினுக்கு விடியிறது எப்ப எண்டு தெரியாதோ?"

"தெரியாது. ஒருத்தரும் அதுக்குச் சொல்லேல்லை."

"நீங்கள் அங்கை என்னத்துக்கு இருக்கிறியள்?"

பாலன் உள்ளித்தோலை ஊதி ஒதுக்கினான். "அக்கா, விடு. அத்தான் எத்தினை மணிக்குப் பிறந்தவர் எண்டு கேள்."

"மத்தியானம்" என்றேன்.

"பாத்தியோ? அதுதான்" என்றான். "அவருக்கு ஏன் உது தெரியப்போகுது?"

ஆரணிக்கு அப்போது பத்து வயது. மேசையின் மறுகோடியில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மாமா ஏன் பொய் சொன்னவர்?"

"நான் பொய் சொல்லேல்லைப் பிள்ளை" என்றான் பாலன். "நாள் எப்ப துவங்கிறதெண்டதிலைதான் பிரச்சினை. நீ நித்திரையாலை எழும்பேக்கைதானே உனக்கு நாள் துவங்குது?"

அவள் நியாயமாக யோசித்தாள். என் பிள்ளையல்லவா, நியாயமாகத்தான் யோசிப்பாள். "இல்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் துவங்கும். எல்லாருக்கும் தெரியும்."

தவத்தின் கணக்கிலும் எல்லாருக்கும் தெரியும். ஆரணியின் கணக்கிலும் எல்லாருக்கும் தெரியும். ஒரே மேசையில் இரண்டு 'எல்லாரும்' இருந்தார்கள், நான் நடுவில் இருந்தேன். இந்த நாட்டுக்கு நான் கட்டிக்கொடுத்த அறிவுத்தளத்தில் என் மாமியாருக்குத் தெரிந்த ஒன்று இல்லை. அது இல்லை என்பது எனக்கும் தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் நான் நன்றாகத்தான் இசைவாக்கம் அடைந்திருக்கிறேன்.

"மேன்முறையீட்டுக்கும் உந்த மெசினிலைதானே ஓட்டுவினம்?" தவம் கேட்டாள்.

"ஓம்."

"அப்ப மாத்துங்கோ. எத்தினை எழுத்து மாத்தவேணும்?"

"ஒரு எழுத்து. நாலை அழிச்சுச் சைபர் போட்டாக் காணும்."

"பிறகென்ன?"

"அப்பிடி மாத்தேலாது, தவம். அதுக்கொரு முறை இருக்கு. படிவம் இருக்கு."

அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். அன்று குசினியில் யார் எதனால் அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வசதிப்படவில்லை.

6

நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். ஏன் மாற்றவில்லை? திரைக்கு முன்னால் தனியே இருந்தேன். கடவுச்சொல் என்னிடம் இருந்தது. கைவிரலும் இருந்தது. மாற்றியிருந்தால் ஒருவரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள், சோதித்துப் பார்ப்பவனும் நான்தானே. ஆனால் கள்ளமாக மாற்றினால் பாலன் மட்டும் தப்புவான், விவரக்கூற்றில் விதி விதியாகவே இருக்கும், அடுத்த விடியப்புறத்துப் பிள்ளை மாட்டும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். அழகான விளக்கம். பயம் எப்போதும் நன்றாக உடுத்திக்கொண்டுதான் வெளியே வரும்.

நிபுணரிடம் போனேன். எங்கள் நாள் சூரியன் எழும்போது தொடங்குகிறது, அதனால் இரவில் பிறந்தவர்களுக்கு வீட்டில் ஒரு திகதி, ஆசுப்பத்திரியில் ஒரு திகதி என்று படம் கீறி விளக்கினேன். அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியென்றால் தரகன் என்று ஒருவன் இல்லவே இல்லையா?"

"இல்லை. சூரியன் மட்டும்தான்."

"இது உங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். "அன்று மீன் சாப்பிடும்போது நீங்கள் என் எதிரேதானே இருந்தீர்கள்?"

எழுந்துபோய் ஒரு படிவத்தை எடுத்துவந்தேன்.

மாற்றக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பினேன். நிபுணர் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம்: 'இம்மாற்றத்தால் நன்மையடையக்கூடிய உறவினர் உமக்கு உளரா?' சரி போட்டேன். பெயரும் எழுதினேன். நேர்மையாக இருப்பதற்கு இதைவிட மோசமான சதுரம் ஒன்று எனக்கு வாழ்க்கையில் வாய்க்கவில்லை.

குழு கூடியது. என் கோரிக்கையை ஏகமனதாக ஏற்றார்கள், முப்பத்தோராம் விதியை நீக்கினார்கள். அதற்குப் பதிலாகச் சூரிய உதயம் பற்றி ஒரு புதிய விதி, நல்ல பாஷையில், விவரக்கூற்றில் ஏறியது. கூடவே ஒரு பந்தி: 'பாரபட்சம் என்ற ஐயத்தைத் தவிர்க்கும்பொருட்டு, கோரிக்கையாளரின் உறவினரது கோப்பு மட்டும் பழைய பதிப்பிலேயே பரிசீலிக்கப்படும்.'

வாசித்துவிட்டு மறுபடி வாசித்தேன். என் முறைமைகூட இவ்வளவு சுத்தமாக யோசிக்காது.

மேன்முறையீட்டுச் சபைக்கும் போனோம். மூன்று பேர் மேலே இருந்தார்கள். நான் சூரியனைப் பற்றி மறுபடி விளக்கினேன். நடுவிலிருந்தவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "புதிய உண்மை ஏதாவது வெளிவந்தால் மட்டுமே கோப்பை மறுபடி திறக்கலாம். நீங்கள் சொல்லும் வழக்கம் மிகப் பழையது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே அது புதியதல்ல."

பாலனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் தலையாட்டி ரசித்தான்.

"நல்ல மூளை, அத்தான். ஊரிலையெண்டால் உவரை நியாயதுரந்தரர் எண்டு தூக்கி வைச்சு ஆடியிருப்பினம்."

இலையுதிர்காலத்தில் புதிய பதிப்பு ஓடத் தொடங்கியது. அதன் பிறகு குடாநாட்டிலிருந்து வந்த இரவுப் பிள்ளைகள் எவரும் அந்த ஒரு நாளில் விழவில்லை. அவர்களில் சிலரை இங்கே கோயில் தேர்த் திருவிழாவில் காண்கிறேன். பிள்ளைகளோடு நிற்பார்கள், ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. முறைமையை மேம்படுத்தியதற்காக எனக்குக் கந்தோரில் ஒரு பாராட்டுக் கடிதமும் ஒரு பேனையும் தந்தார்கள். பேனையை மேசை லாச்சிக்குள் போட்டேன், தவத்தின் கண்ணில் படாமல்.

இப்போது நான் அந்தக் கந்தோரில் இல்லை. மாடுகளின் வியாதிகளைக் கண்டறியும் முறைமை ஒன்றைச் செய்கிறேன். மாடுகள் நல்ல சனங்கள். எப்போது பிறந்தாய் என்று ஒருவரும் அவற்றை மறித்துக் கேட்பதில்லை.

7

போன மாதம் ஒருவர் கையில் பாலனின் கடிதம் வந்தது. இறங்கிய இடத்தில் இரண்டு நாள் வைத்து விசாரித்தார்களாம், அங்கேயும் முதல் கேள்வி பிறந்த திகதிதானாம். கொழும்பில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, பிறகு கிளாலிக் கடலால் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறான். இப்போது சண்டை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தான், எவ்வளவு காலத்துக்கு என்று எழுதவில்லை. கந்தையா அம்மான் இன்னும் மிதிக்கிறாராம். கடிதத்தின் மேலே திகதி போடுகிற இடத்தில் இரண்டு திகதியைப் போட்டு, பக்கத்தில் 'விரும்பினதை எடுக்கவும்' என்று எழுதியிருந்தான்.

தவம் அதை வாசித்துவிட்டு நன்றாகச் சிரித்தாள். என்னிடம் நேரே தரவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சென்ற வருடம் இதே மாதம், விமான நிலையத்தில், பின்னேரம். இரண்டு பொலிஸ்காரர் அவனுக்கு இரு பக்கமும் நின்றார்கள். மரியாதையான பெடியள். ஒருவன் பாலனின் பையைத் தானே வாங்கிச் சுமந்தான். தவம் தம்பியின் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அவன் பொறுமையாக நின்றான். அவள் முடித்ததும் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை எடுத்து என் கையில் போட்டான்.

"அங்கை உதென்னத்துக்கு? நீங்கள் வைச்சிருங்கோ, அத்தான்."

கோட்டு அவன் சூட்டோடு இருந்தது.

ஆரணி பக்கத்தில் வந்து நின்றாள். அந்த ஒரு வருடத்தில் அவள் மாமாவோடு தமிழில் கதைப்பது கூடியிருந்தது. எங்களோடு கதைப்பது அப்படியேதான் இருந்தது. கையில் புதுக் கைக்கடிகாரம் கட்டியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, அங்கை இப்ப என்ன நேரம்?"

"அங்கை பொழுதுபட்டிருக்கும், பிள்ளை."

"நீங்கள் போய் இறங்கேக்கை?"

"விடியப்புறம்."

அவள் மணிக்கூட்டு முகத்தில் விரலை வைத்து எண்ணினாள். "அப்ப நாளைக்கு இறங்குவீங்கள்."

"இல்லை" என்றான் பாலன். "விடியுமட்டும் இண்டைக்குத்தான்."

அவள் மறுக்கவில்லை. மணிக்கூட்டை மறுபடி ஒருமுறை பார்த்தாள், அது பிழையாக ஓடுகிறதோ என்று பார்ப்பதுபோல.

பொலிஸ்காரப் பெடியன் நேரமாகிவிட்டது என்று கையால் காட்டினான். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். மீன், வியாழக்கிழமை, தசம் நான்கு, சின்னச் சதுரம் எல்லாம் வரிசையில் நின்றன. இத்தனை வருடமாக மற்றவர்களின் வாக்குமூலங்களை விதிகளாக்கிய எனக்கு என்னுடையதை ஒரு வசனமாக்க முடியவில்லை.

"பாலன், நான் அவங்கள் எழுதினதைத்தான் செய்தனான்" என்றேன்.

"எனக்குத் தெரியுமே, அத்தான்." என் கையிலிருந்த கோட்டை நேராக மடித்துவிட்டான். கண்ணாடிக் கதவுவரை நடந்தவன், பொலிஸ்காரனிடம் ஒரு நிமிடம் என்று விரல் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அடுத்த முறை உங்களை மாதிரி மத்தியானத்திலை பிறக்கிறன்."